யார் தயங்குகிறாரோ அவர் பக்கமே முடிவு

"கட்டமைப்புக் கோப்பில் ஃபர்ஸ்ட் பர்ஸ்ட் லெங்த் 262144 என்று இருக்கிறது. செஷன் விவரத்தைப் பார்த்தால் 65536 என்று காட்டுகிறது. லினக்ஸ் என் பேச்சைக் கேட்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லினக்ஸ் கேட்டது. எதிர்முனைதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபர்ஸ்ட் பர்ஸ்ட் லெங்த் என்பது, ஓர் எழுதும் கட்டளைக்கு எதிர்முனை கேட்கும்முன்பே எத்தனை பைட் தரவை அனுப்பலாம் என்ற வரம்பு. இந்தப் பேரம் எப்படி நடக்கிறது என்பதுதான் ஐஸ்கஸி நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வேறொரு கணினியில் இருக்கும் வட்டை, நம் கணினியிலேயே செருகியிருப்பதுபோல் காட்டுவது ஐஸ்கஸியின் வேலை. வட்டோடு பேசப் பயன்படும் ஸ்கஸி கட்டளைகளைப் பொட்டலம் கட்டி டிசிபி இணைப்பு வழியே அனுப்புகிறது. வட்டைக் கேட்கும் முனை இனிஷியேட்டர், கொடுக்கும் முனை டார்கெட். 2004-இல் ஆர்எஃப்சி 3720 ஆக வெளிவந்த தரநிலை, 2014-இல் ஆர்எஃப்சி 7143 ஆகத் தொகுத்துத் திருத்தப்பட்டது.

டிசிபி இணைப்பு கிடைத்துவிட்டாலும், லாகின் முடியும்வரை ஒரு பைட்டைக்கூட வட்டிலிருந்து படிக்க முடியாது. லாகினில் முதலில் பாதுகாப்புக் கட்டம்: நான் யார், அதற்கு என்ன அத்தாட்சி. பெரும்பாலும் சாப் என்ற முறை. டார்கெட் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். கடவுச்சொல்லையும் அந்த எண்ணையும் கலந்து பிழிந்த ஹாஷ் மட்டும் திரும்பிப் போகும், கடவுச்சொல் கம்பியில் போகாது. அப்புறம் இயக்க அளவுகளைப் பேசும் கட்டம். அது முடிந்தால் முழு இயக்கம்.

பேச்சு நடக்கும் விதம் ஆச்சரியமாக எளிமையானது. 48 பைட் தலைப்பகுதி இரும எண்களாக இருக்கும். அதற்குப் பின்னால் வருவது வெறும் எழுத்து: ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு, கடைசியில் ஒரு சுழிய பைட். வலையில் போகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பார்த்தால் 'இனிஷியல்ஆர்2டி=நோ' போன்ற வரிகளைக் கண்ணால் அப்படியே படித்துவிடலாம்.

அந்த ஆர்2டி என்ன? எழுதும் கட்டளை போனதும், டார்கெட் தன் நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டு "தயார், இத்தனை பைட் அனுப்பு" என்று சொல்லும். அந்தச் செய்திதான் ஆர்2டி. பத்திரமான முறைதான், ஆனால் வட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு போக்குவரத்து வீண். கொஞ்சம் கொஞ்சமாக எழுதும்போது இது பெரிய செலவு. அதனால் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. கட்டளையோடே தரவையும் ஒட்டி அனுப்பலாம். இதற்கு 'இமீடியட் டேட்டா' என்று பெயர். அல்லது முதல் ஆர்2டி-க்குக் காத்திராமல் கட்டளைக்குப் பின்னாலேயே தரவைத் தனிப் பொட்டலங்களாகத் தள்ளலாம். அதற்கு 'இனிஷியல்ஆர்2டி' நோ என்று இருக்கவேண்டும்.

இங்கேதான் அழகு. இரு முனைகளும் வேறு வேறு விடை வைத்திருந்தால் யார் சொல்வது செல்லும்? ஒவ்வொரு பெயருக்கும் தரநிலையே ஒரு கணக்கு விதி கொடுத்திருக்கிறது. இனிஷியல்ஆர்2டி-க்கு 'அல்லது' விதி: ஒருவர் யெஸ் என்றாலே முடிவு யெஸ். இமீடியட் டேட்டாவுக்கு 'மற்றும்' விதி: இருவரும் யெஸ் என்றால்தான் யெஸ். ஏன் இப்படி மாற்றி மாற்றி? முதலாவதில் யெஸ்தான் எச்சரிக்கையான பக்கம். இரண்டாவதில் நோதான் எச்சரிக்கையான பக்கம். இரண்டிலும் தயங்குகிறவர் பக்கமே முடிவு சாய்கிறது.

எண்களிலும் இதே புத்திதான். தரவு அளவு வரம்புகளில் சின்ன எண் ஜெயிக்கும். இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலும்முன் எத்தனை நொடி பொறுக்கவேண்டும் என்பதில் பெரிய எண் ஜெயிக்கும்; யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 2 நொடி. அறுந்த வேலைகளின் நிலையை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பதிலோ திரும்பவும் சின்ன எண். பேசாவிட்டால் 20 நொடி. எந்தத் திசையில் போனால் எளிய கருவிக்குச் சுமை குறையும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு குட்டி லாபமும் கிடைக்கிறது. 'அல்லது' விதிக்கு யெஸ் வந்தாலோ, 'மற்றும்' விதிக்கு நோ வந்தாலோ, எதிர்முனை பதிலே சொல்லத் தேவையில்லை. என்ன சொன்னாலும் முடிவு மாறாதே! தெரியாத பெயர் வந்தால் 'புரியவில்லை' என்று ஒரு பதில் அனுப்பினால் போதும், பேச்சு முறியாது. இருபது வருடம் பழைய கருவியும் நேற்று வந்த மென்பொருளும் கைகுலுக்க முடிவது இதனால்தான்.

பிழைச் சோதனை முறையைத் தேர்ந்தெடுப்பது வேறு விதம். ஒருவர் தன் விருப்ப வரிசையில் பட்டியல் கொடுக்க, மற்றவர் தனக்கு முடிந்த முதல் பெயரை எடுப்பார். அதில் வரும் சிஆர்சி32சி என்ற பிழை பிடிக்கும் கணக்குக்குப் பின்னால் இருப்பது 1993-இல் கஸ்தான்யோலியும் கூட்டாளிகளும் செய்த கணித ஆய்வு. எந்தப் பல்லுறுப்புக்கோவை அதிகப் பிழைகளைப் பிடிக்கும் என்று தேடிய வேலை அது. இன்டெல் தன் செயலியில் அதற்கென்றே ஒரு கட்டளையை வைத்தது 2008-இல். இடையில் 15 வருடம். "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிற குழுக்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

சரி, வாசகரின் கணக்குக்கு வருவோம். லினக்ஸ் இனிஷியேட்டரோடு வரும் கோப்பில் 262144 இருக்கும். லினக்ஸ் டார்கெட்டின் இயல்பு மதிப்பு 65536. சின்னது ஜெயித்தது, அவ்வளவுதான். ஒரு முனையில் மட்டும் எண்ணை ஏற்றுவதில் பயனில்லை. இணையத்தில் சுற்றும் 'வேகம் கூட்டும் அமைப்புகள்' பட்டியல்களை நான் ராசிக்கல் மோதிரங்களோடுதான் சேர்ப்பேன். போட்டவருக்கு நிம்மதி, செஷனில் என்ன மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த டார்கெட் இனிஷியல்ஆர்2டி-க்கு யெஸ் என்றிருந்தால், கேட்காமல் போகக்கூடியது கட்டளையோடு ஒட்டிய தரவு மட்டுமே. அது ஒரே பொட்டலத்துக்குள் அடங்கவேண்டும். பொட்டலத்தின் தரவு வரம்போ பேரத்துக்கே வராது. 'என்னால் ஒரு பொட்டலத்தில் இவ்வளவுதான் வாங்க முடியும்' என்று ஒவ்வொரு முனையும் தன் பங்குக்கு அறிவிக்கும், மற்றவர் மதிக்கவேண்டும். இரண்டு திசைக்கும் இரண்டு வேறு எண் இருக்கலாம். டார்கெட் எதுவும் அறிவிக்காவிட்டால் 8192 பைட். அப்போது 65536-இல் எட்டில் ஒரு பங்குதான் கேட்காமல் போகும்.

ஆகவே முதலில் டார்கெட் பக்கம் இந்த அளவுகளை மாற்றுங்கள். இனிஷியேட்டரில் பொதுக் கோப்பைத் திருத்தினால் புதிதாகக் கண்டறியும் டார்கெட்டுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே பதிவான டார்கெட்டுக்கு அதன் பதிவையே புதுப்பிக்கவேண்டும். பிறகு லாக்அவுட் செய்து மீண்டும் லாகின். பொட்டல வரம்பை முழு இயக்கத்தின் நடுவிலும் புதிதாக அறிவிக்கத் தரநிலை இடம் தருகிறது. ஃபர்ஸ்ட் பர்ஸ்ட் லெங்த்துக்கு அந்தச் சலுகை இல்லை. செஷனின் முதல் இணைப்பு லாகின் ஆகும்போது மட்டும்தான் அதைப் பேச முடியும்.