ஊசியிலைக் காட்டிலிருந்து டீசல்: மர எரிபொருள் எங்கே தொழிலாக நிற்கிறது?

பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. சொந்தமாக எண்ணெய்க் கிணறோ நிலக்கரிச் சுரங்கமோ இல்லாத அந்த நாட்டில், 2012ஆம் ஆண்டு பெட்ரோலியத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மரம் முதன்மையான ஆற்றல் மூலமாயிற்று. இன்று அதன் மொத்த ஆற்றல் நுகர்வில் கால் பங்குக்கும் மேல் மரத்திலிருந்தே கிடைக்கிறது. காட்டை வெட்டி அப்படியே உலையில் போட்டு எரிக்கிறார்கள் என்று இதைக் கேட்பவர் எண்ணக்கூடும். உண்மையில், காகிதத்துக்கும் பலகைக்கும் வெட்டப்பட்ட மரத்தில் மிஞ்சியதிலிருந்துதான் அந்த ஆற்றலின் பெரும்பகுதி வருகிறது. காட்டு உயிர்ப்பொருளில் முதலீடு செய்ய நினைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான். மரத்தை நேரடியாக வாகன எரிபொருளாக்கத் தனி ஆலை கட்டியவர்களில் பலர் நொடித்துப்போனார்கள். வேறொரு தொழிலின் மிச்சத்தைக் கையில் எடுத்தவர்கள் நிலைத்தார்கள்.

இதற்கான காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். முற்றிலும் உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 19 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி நீராக இருக்கும் மரமோ, அந்த நீரை ஆவியாக்கவே ஒரு பங்கைச் செலவிட்டுவிட்டு, 8 மெகாஜூலுக்குச் சற்று மேல்தான் தரும். ஒரு கிலோ டீசலில் 43 மெகாஜூல் இருக்கிறது. அறுவடைக்குப் பின் காட்டில் கிடக்கும் கிளைகளையும் நுனிகளையும் சாலையோரம் குவித்து, அங்கேயே எந்திரத்தில் சில்லுகளாக வெட்டி லாரியில் ஏற்றுவது அந்நாட்டு வழக்கம். தளர்வாகக் கொட்டிய ஈரச் சில்லு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 70 லிட்டர் டீசலுக்குச் சமம். அதே ஒரு கன மீட்டர் தொட்டியில் 1,000 லிட்டர் டீசல் நிரப்பலாம். ஆகவே லாரி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே இந்தத் தொழிலின் லாப நட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பொதுவாக நூறு கிலோமீட்டரைத் தாண்டினாலே கணக்கு இடிக்கத் தொடங்கிவிடும்.

இந்தச் சில்லுகளுக்குப் பொருத்தமான இடம், மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துத் தரும் அனல் நிலையம். மின்சாரம் மட்டும் எடுத்தால் எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மிஞ்சும் வெப்பத்தை வெந்நீராக்கிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பினால் பயன் 80 சதவீதத்தைத் தாண்டும். நீண்ட குளிர்காலம் உள்ள ஊரில் வெந்நீருக்கு விலையுண்டு. வெப்பமண்டல நாடுகளில் அதை வாங்க ஆள் இல்லை. வட ஐரோப்பிய நாடுகளின் வெற்றிக் கதைகளை நம் பக்கத்துக்குக் கொண்டுவருகிற அறிக்கைகளில் இந்த வேறுபாடு பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது.

அனல் நிலையத்தைவிட நுட்பமான ஏற்பாடு காகிதக்கூழ் ஆலைக்குள் இருக்கிறது. உலர்ந்த மரத்தில் 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். காகிதத்துக்கு முதன்மையாக வேண்டியது அந்த நார்தான். நார்களை ஒன்றோடொன்று பிணைத்து மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள் லிக்னின். ஊசியிலை மரங்களில் அது கால் பங்குக்கும் மேல் இருக்கும். கார்ல் தால் என்ற வேதியியலாளர் 1879ஆம் ஆண்டு ஜெர்மனியில் கண்டறிந்த முறையில், மரச் சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் சுமார் 170 பாகை செல்சியசில் அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். லிக்னின் கரைந்து வெளியேற, நார் மிஞ்சுகிறது. உள்ளே போன மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் கூழாகிறது. மறுபாதி, செலவழிந்த வேதிப்பொருள்களோடு கலந்து, ஆலைக்காரர்கள் பிளாக் லிக்கர் என்று அழைக்கும் கறுப்புக் கரைசலாக வெளியே வருகிறது.

அந்தக் கரைசலை ஆற்றில் விட்டால் ஆறு கெடும். விலை கொடுத்து வாங்கிய சோடியமும் கந்தகமும் போய்விடும். இந்த இழப்பைத் தவிர்க்கும் கவலையிலிருந்துதான் மீட்புக் கொதிகலன் பிறந்தது. 1930களில் கனடாவில் ஜி. எச். டாம்லின்சன் உருவாக்கிய வடிவமே இன்றைய கொதிகலன்களுக்கு மூலம். நூற்றுக்கு 15 பங்கு அளவே திடப்பொருள் உள்ள கரைசலைப் படிப்படியாக ஆவியாக்கி, 75 முதல் 80 பங்குவரை திடப்பொருள் உள்ள கெட்டிக் குழம்பாக்கி, உலைக்குள் பீய்ச்சுகிறார்கள். லிக்னின் எரிந்து உயர் அழுத்த நீராவியைத் தருகிறது. அது சுழலியை ஓட்டி மின்சாரமாகிறது. எரியாத சோடிய உப்புகள் 800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகி, உலையின் அடியில் செக்கச்சிவந்த குழம்பாகச் சேர்ந்து, நீர் சுற்றும் இரட்டைச் சுவர்கொண்ட சிறு வாய்க்கால்கள் வழியே இடைவிடாமல் வழிந்து கீழேயுள்ள தொட்டியில் விழுகின்றன. விழும் ஓட்டத்தை நீராவியைப் பாய்ச்சிச் சிதறடித்தபடியே இருப்பார்கள். மொத்தமாக விழுந்தால் தொட்டி வெடிக்கும். கொதிகலனின் நீர்க்குழாய் ஒன்று ஓட்டை விழுந்து உலையடிக் குழம்பில் நீர் கலந்தாலும் இதே ஆபத்துதான். தொட்டியில் கரைந்த உப்புகளைச் சுண்ணாம்போடு வினைபுரியச் செய்தால் முதலில் பயன்படுத்திய சமையல் கரைசலே திரும்பக் கிடைக்கிறது. வேதிப்பொருளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய கருவி, பக்கவிளைவாக ஒரு மின் நிலையமாகவும் ஆயிற்று.

இதன் முழு வளர்ச்சியை, மெட்சா குழுமம் 120 கோடி யூரோ செலவில் பின்லாந்தின் ஆனெகோஸ்கியில் கட்டி 2017ஆம் ஆண்டு இயக்கத் தொடங்கிய ஆலையில் காணலாம். ஆண்டுக்குச் சுமார் 65 லட்சம் கன மீட்டர் மரத்தை உட்கொண்டு 13 லட்சம் டன் கூழ் தரக்கூடிய அந்த ஆலையில் புதைபடிவ எரிபொருள் எதுவும் பயன்படுவதில்லை. மீட்பு வினைக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுட்டெடுக்கும், வழக்கமாக எண்ணெயில் எரியும் சூளைக்குக்கூட மரப்பட்டையிலிருந்து எடுத்த வாயுவே போகிறது. தனக்குத் தேவையான மின்சாரத்தைப்போல ஏறத்தாழ 2.4 மடங்கை அது உற்பத்தி செய்து, மிகுதியை விற்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 18,000 கன மீட்டர் மரத்தை ஆலை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவைக் கூழின் விலையே தாங்கிக்கொள்கிறது. எரிபொருளின் பங்குக்கு மரம் வாங்கிய செலவோ போக்குவரத்துச் செலவோ பெரிதாக விழுவதில்லை என்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி.

டீசலின் கதையும் அதே கறுப்புக் கரைசலிலிருந்துதான் தொடங்குகிறது. பைன் மரத்தின் பிசினில் கொழுப்பு அமிலங்களும் பிசின் அமிலங்களும் உண்டு. காரக் கரைசலில் வேகும்போது அவை சோப்பாக மாறி, கரைசல் கெட்டியாகும் கட்டத்தில், காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதுபோலப் பழுப்பு நிறத்தில் மேலே திரள்கின்றன. அதை வழித்தெடுத்துக் கந்தக அமிலம் சேர்த்தால் டால் எண்ணெய் பிரிகிறது. வட ஐரோப்பிய ஆலைகளில் ஒரு டன் கூழுக்கு 30 முதல் 50 கிலோ வரை இது கிடைக்கும். அளவு சிறிதுதான்; ஆனால் அதன் வேதியியல் அமைப்பு அரியது. மரத்தின் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. டீசலில் ஆக்சிஜனே கிடையாது. எனவே மரத்தை டீசலாக்குவது என்றால், அந்த ஆக்சிஜனையெல்லாம் ஹைட்ரஜனைக் கொண்டு நீராகவோ, கரிமத்தை இழந்து கரியமில வாயுவாகவோ வெளியேற்றியாக வேண்டும். டால் எண்ணெயின் முக்கிய அமிலங்களில் ஆக்சிஜன் 11 சதவீத அளவே. கரிமச் சங்கிலிகளின் நீளமும் டீசலுக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. மனிதர் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை மரமே செய்து முடித்து வைத்திருக்கிறது.

யு.பி.எம். நிறுவனம் 17.9 கோடி யூரோ முதலீட்டில் பின்லாந்தின் லப்பேன்ராந்தா நகரில், தன் கௌகாஸ் கூழாலையை ஒட்டியே ஒரு சுத்திகரிப்பு ஆலையைக் கட்டி, 2015 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. டால் எண்ணெயைத் தூய்மைப்படுத்தி, உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் எரிபொருள் எடுக்கும் திட்டம் அது. சாதாரண டீசலின் இடத்தில், எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமல் அதைப் பயன்படுத்தலாம். ஸ்வீடனின் பீத்தெயோவில் சன்பைன் ஆலை 2010ஆம் ஆண்டிலேயே இதே மூலப்பொருளைக் கையாளத் தொடங்கியிருந்தது. எரிபொருளுக்கு முன்பே டால் எண்ணெய்க்குச் சந்தை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பசை, அச்சு மை, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு அதன் பிசின் போயிற்று. ரைசியோ நிறுவனம் 1995ஆம் ஆண்டு பின்லாந்தில் அறிமுகப்படுத்திய, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பெனிகால் என்ற மார்கரின், டால் எண்ணெயிலிருந்து எடுத்த ஸ்டீரால்கள் என்ற தாவரக் கொழுப்புப் பொருள்களைக் கொண்டே உருவானது. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2018ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையில் டால் எண்ணெயையும் கறுப்புக் கரைசலையும் முன்னேறிய உயிரி எரிபொருளின் மூலப்பொருள்களாகப் பட்டியலிட்டு, போக்குவரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான இலக்குக் கணக்கில் அவற்றின் ஆற்றலை இரு மடங்காக எண்ணவும் இடமளித்தது. சலுகையின் பலத்தால் தங்கள் மூலப்பொருளைத் தட்டிப்பறிக்கிறார்கள் என்று பிசின் வேதித்தொழிலினர் முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். இருபது ஆண்டு வண்ணப்பூச்சாகச் சுவரில் இருக்கக்கூடிய கரிமத்தை ஒரே நாளில் புகையாக்குவது எப்போதும் சிறந்த பயன் ஆகாது.

மிச்சத்தை நம்பாமல் மரத்தையே நம்பியவர்களின் அனுபவம் வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரச் சில்லிலிருந்து எத்தனால் எடுக்கப் பெரும் அரசு உதவியோடு கட்டப்பட்ட ரேஞ்ச் ஃபியூயல்ஸ் ஆலை 2011ஆம் ஆண்டு மூடப்பட்டது. மிசிசிப்பி மாநிலம் 7.5 கோடி டாலர் கடன் கொடுத்த கியோர் நிறுவனம், பைன் சில்லைக் காற்றின்றிச் சூடாக்கி, வினையூக்கி கொண்டு பெட்ரோலும் டீசலும் தரும் என்றது. சொன்ன விளைச்சல் கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் திவால் மனு போட்டது. ஸ்வீடனின் கோதன்பர்கில் மரத்திலிருந்து மீத்தேன் வாயு எடுத்த 20 மெகாவாட் ஆலையின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது: அங்கே தொழில்நுட்பம் வேலை செய்தது, மலிவான இயற்கை வாயுவோடு விலையில் போட்டியிட முடியாமல் 2018ஆம் ஆண்டு நின்றது.

மிச்சத்தைச் சார்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. கறுப்புக் கரைசலிலிருந்து லிக்னினைத் தனியே பிரித்து விற்கும் பிரிவை ஸ்டோரா என்சோ என்ற காட்டுப்பொருள் நிறுவனம் 2015ஆம் ஆண்டு பின்லாந்தின் சுனிலா ஆலையில் அமைத்தது. 2023ஆம் ஆண்டு அந்தக் கூழாலையையே மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. தாய்த்தொழில் சாய்ந்தால் துணைத்தொழிலுக்கு மூலப்பொருள் இல்லை. இதைவிடப் பெரிய வரம்பு காட்டிலேயே இருக்கிறது. உக்ரைன் போருக்குப் பின் 2022ஆம் ஆண்டு ரஷ்யச் சில்லுகளின் வரத்து நின்றபோது, பின்லாந்தில் எரிமரத்தின் விலை ஏறி, கூழுக்கு உரிய மரமும் உலைக்குப் போகத் தொடங்கியது. வளிமண்டலக் கரிமத்தை ஈர்த்துவந்த அந்நாட்டின் நிலப் பயன்பாட்டுத் துறை (காடும் விளைநிலமும் சேர்ந்த கணக்கு), 2021ஆம் ஆண்டுக்கான கணக்கில் முதன்முறையாகக் கரிமத்தை வெளியிடும் துறையாக மாறியிருப்பதும் தெரியவந்தது. மிகுதியான வெட்டும் வளர்ச்சி வேகத்தின் தளர்வும் அதற்குக் காரணங்கள். காடு தாங்கும் அளவுக்குமேல் மூலப்பொருளைத் திட்டமிட்ட முதலீடு எதுவும், எவ்வளவு நல்ல எந்திரம் வைத்திருந்தாலும், கடைசியில் மரத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக் கூழாலைகளுக்கு இதில் எது பொருந்தும் என்பதும் வேதியியலே சொல்லும் செய்தி. இங்கே சவுக்கும் தைலமரமும் கூழாகின்றன. பைனின் பிசின் வளம் இவற்றில் இல்லாததால் டால் எண்ணெய் டீசலை இங்கே எதிர்பார்க்க வழியில்லை. மீட்புக் கொதிகலன் இங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1984ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கை கழுவிய கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கவைத்து, அதில் கிடைக்கும் மீத்தேனைச் சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கும் ஏற்பாட்டைச் செய்தது.