செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த அளவு ஒயர்? விதி சொல்வது என்ன?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடுகளைக் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திறக்கும்போது ஏ.சி., வாட்டர் ஹீட்டர் மாட்டிவிடுகிறார்கள். ஒயர் மட்டும் பழசாகவே இருக்கிறது. அது ஆபத்து.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, வயரிங்கில் எதைக் கூட்டினாலும் மாற்றினாலும் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தெரிந்த பையன்தானே என்று விடக்கூடாது.

ஒயர் அளவுக்கு ஐ.எஸ். 732 என்ற இந்திய வயரிங் தரம் இருக்கிறது. செம்பு ஒயர் என்றால் லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்பது வழக்கம். பழைய வீட்டில் '3/20' (20 கேஜ் கம்பி மூன்று இழை) என்று சொன்னால், அது ஏறக்குறைய 2 சதுர மி.மீ.தான்.

ஆனால் நம் வீடுகளில் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மீட்டர் வாசல் பக்கம் முகப்பில் இருக்கும்; ஹீட்டரோ வளவும் (நடு முற்றப் பகுதி) இரண்டாங்கட்டும் தாண்டி, வீட்டின் கடைசியில் பின்கட்டில் இருக்கும். 45 மீட்டர் தள்ளி 3 கிலோவாட் ஹீட்டர் ஓடினால் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 1.5 ஒயரில் வழியிலேயே ஏறக்குறைய 17 வோல்ட் குறைந்துவிடும், 2.5இல் பத்தரை, 4இல் ஆறரை. ஐ.எஸ். 732 இதுபோன்ற சாதனங்களுக்கு 5 சதவீதம், அதாவது 230க்குச் சுமார் 11.5 வோல்ட் வரைதான் அனுமதிக்கிறது. 2.5 எல்லையை ஒட்டி நிற்கிறது. அதனால் நான் 4தான் போடச் சொல்வேன்.

சோதிக்க வருபவரிடம் எம்.சி.பி.யையும் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டிருப்பார்கள். அப்புறம் எம்.சி.பி. விழாது, ஒயர்தான் சூடாகும். அது தேக்கு உத்தரத்தை ஒட்டிப் போகிற ஒயர்!

கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, எர்த் ஒயர் ஒவ்வொரு பிளக்குக்கும் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இன்சுலேஷன் அளவு குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். இந்த அளவுகளையும், எந்த லைனில் எத்தனை சதுர மி.மீ. ஒயர் என்பதையும் சோதனை அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு கூலியைக் கொடுங்கள்.