எரிக்கவும் வேண்டாம், ஆறு வயதில் கொடுக்கவும் வேண்டாம்

சென்ற வாரம் ஒரு பெற்றோர் தங்கள் 6 வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார்கள். 11 நாட்களாக அவன் தனியாகத் தூங்குவதில்லை. கழிவறைக்குப் போகக்கூட ஆள் துணை வேண்டும். அப்பா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பழைய பேய்க் காமிக்ஸ் புத்தகக் கட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. அதில் ஒரு கதையில் கல்லறையைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே வருகிறது. ஐந்தாம் நாள் இரவு பொறுமை இழந்த அம்மா, மகன் கண்முன்னாலேயே கட்டு முழுவதையும் எரித்துவிட்டார். தப்பிய ஒரே இதழை அப்பா என் மேசைமேல் வைத்தார். "இவன் வயதில் நானும் இதைத்தான் படித்தேன் டாக்டர். எனக்கு என்ன ஆகிவிட்டது?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "இதெல்லாம் படித்தால் பிள்ளையின் மனம் கெட்டுப்போகாதா?" என்று அடுத்த நாற்காலியிலிருந்து வரும் கேள்வியும் அப்படித்தான். இருவரும் பிள்ளையின் நலனுக்காகத்தான் பேசுகிறார்கள். இருவருமே தவறாகப் பேசுகிறார்கள்.

முதலில் அப்பாவின் கேள்வி. இதழின் முதல் பக்கத்தைத் திறந்து, அச்சான ஆண்டைப் பார்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். அப்போது அவருக்கு வயது 11. மனிதர் சற்று நேரம் பேசவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. 'சின்ன வயதில்' என்று நினைவு கட்டி வைக்கும் மூட்டைக்குள் 5 வயதும் 12 வயதும் ஒன்றாகத்தான் கிடக்கும். போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த கிளர்ச்சி நினைவில் நிற்கும். அதற்குப் பிறகு அம்மாவை ஒட்டிப் படுத்த இரவுகள் நிற்பதில்லை. 6 வயதுக்கும் 11 வயதுக்கும் நடுவே இருப்பது வெறும் ஐந்து ஆண்டு இடைவெளி அன்று. 7, 8 வயது வரை பல குழந்தைகளுக்குத் தோற்றமே உண்மை. கோரமான முகம் கொண்ட நல்லவனைக் கண்டு நடுங்குவார்கள். அழகான முகம் கொண்ட கெட்டவனிடம் ஒட்டிக்கொள்வார்கள். "அது வெறும் படம்தானே" என்ற சமாதானம் 11 வயதில் வேலை செய்யும். 6 வயதில் அது காதோடு நின்றுவிடும்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் நம்பிக்கை: பேய்க் காமிக்ஸ் பிள்ளையைக் கெடுத்துவிடும், குற்றவாளியாக்கிவிடும் என்பது. இதைப் பரப்பியதில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்குப் பெரும் பங்கு இருப்பதால் நானே பேச வேண்டியிருக்கிறது. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம், இளம் குற்றவாளிகள் உருவாகக் காமிக்ஸ் ஒரு காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. அச்சமடைந்த பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் நடமாடும் பிணமும் பக்கங்களிலிருந்து விரட்டப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து வெர்த்தமின் சொந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்த நூலகவியல் அறிஞர் கேரல் டில்லி, அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012இல் வெளிக்கொண்டு வந்தார். நோயாளி சொல்லாததை அவர் வாயில் திணிப்பதைவிடப் பெரிய பிழை எங்கள் தொழிலில் இல்லை.

அதே 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் கொண்ட ரத்தக்காட்டேரியைத் தேடி நூற்றுக்கணக்கான சிறுவர்கள் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள். பழி உடனே காமிக்ஸ் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சிறுவர்கள் அந்த உருவத்தைக் காமிக்ஸிலிருந்துதான் எடுத்தார்கள் என்று அப்போது எவரும் நிரூபிக்கவில்லை. இரும்புப் பல் கொண்ட மிருகம் பைபிளின் தானியேல் ஆகமத்தில் இருக்கிறது. அதைத் தடை செய்ய எவரும் கேட்கவில்லை.

பயம் வளர்ச்சியின் ஒரு பகுதி. புத்தகமே தொடாத பிள்ளையும் 4, 5 வயதில் கட்டிலுக்கு அடியில் யாரோ இருப்பதாகச் சொல்லும். சினிமாவோடு ஒப்பிட்டால் காமிக்ஸுக்கு ஒரு நற்குணமும் உண்டு: வேகம் பிள்ளையின் கையில் இருக்கிறது. பக்கத்தை மூடலாம், இரண்டு விரல்களால் பயமுறுத்தும் படக் கட்டத்தை மறைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்கலாம், துணிவு வந்ததும் விரலை விலக்கிப் பார்க்கலாம். பயத்தைக் கையாள நாங்கள் சிகிச்சையில் படிப்படியாகச் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஆனால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே நடப்பதைப் பிள்ளையின் கற்பனைதான் நிரப்புகிறது; சின்னஞ்சிறு பிள்ளை அதை அளவுக்கு மீறி நிரப்பிவிடும்.

எரித்ததால் என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை அந்தக் கை புத்தகத்துக்குள் இருந்தது. எரித்த பிறகு பையன் என்னிடம் கேட்டான்: "இப்போது அது எங்கே இருக்கிறது?" 11 நாட்களில் மிக மோசமான இரவு, எரித்த அன்றைய இரவுதான்.

அதனால் சொல்கிறேன். பிள்ளை முன்னால் எரிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். மூடி, கட்டி, இன்ன இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைக்கே காட்டி மேலே வையுங்கள். பழைய புத்தகம் என்ற பாசத்தில் அப்படியே கையில் கொடுத்துவிடாமல், முதலில் நீங்கள் ஒருமுறை முழுவதும் படியுங்கள். உங்கள் நினைவில் இல்லாத பக்கங்கள் நிறைய இருக்கும். முதல் வாசிப்பு பகலில், உங்கள் பக்கத்தில். "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பயம் போகாது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். சோறு ஊட்ட, தூங்க வைக்க அந்தப் பேயையே கூப்பிடுவதும் வேண்டாம். இரவில் விழித்துக்கொண்டால் விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து, சுருக்கமாகப் பேசித் திரும்பத் தூங்க வையுங்கள். பயந்த உருவத்தை மறுநாள் வரையச் சொல்லுங்கள். அதற்கு ஒரு தொப்பி போடலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், நிறுத்திய படுக்கை நனைத்தல் திரும்பி வந்தால், அழைத்து வாருங்கள். அப்போது பல வேளைகளில் பயத்தின் வேர் வேறெங்கோ இருக்கும்: வீட்டுச் சண்டை, பள்ளியில் ஒரு மிரட்டல், யாரோ ஒருவரின் மரணம். வரும்போது அந்தப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டும் இடத்திலிருந்துதான் நான் பேச்சைத் தொடங்க முடியும்.