ஐஸ் கம்பெனியும் ஆண்ட்ராய்டு நினைவகமும்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "அண்ணன், போனில் பின்னால் ஓடுகிற செயலிகளை அடியோடு நிறுத்துவது எப்படி? படகு தள்ளுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். அப்படியும் விடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. எல்லை காட்டுகிற செயலி நடுக்கடலில் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடுகிறது."

அவர் துடைப்பதை நேரிலேயே பார்த்தேன். போனைப் பாலித்தீன் பைக்குள் வைத்து, வாயை மடித்து ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். பையின் மேலேயே கட்டைவிரலை அழுத்தி, திரையில் வரிசையாக நின்ற செயலி அட்டைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். வாட்ஸ்அப் போனது, யூடியூப் போனது, வானிலை போனது, கடைசியாக எல்லை காட்டும் செயலியும் போனது. திரை வெறுமையானதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக்கோடு கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். தெரியாமல் தாண்டினால் படகு பறிபோகும், சிறை வாசமும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைப் போன் பராமரிப்புக் குறிப்பாக எண்ணி இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில், அந்த அட்டைகள் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் அண்மையில் எதையெல்லாம் திறந்தீர்கள் என்பதன் பதிவு அது, அவ்வளவுதான். போனை அணைத்து மறுபடி போட்டாலும் பல அட்டைகள் அப்படியே நிற்கும். அட்டை இருக்கும், உள்ளே செயலி எப்போதோ இறந்திருக்கும்.

இரண்டாவது, நினைவகம் நிரம்பியிருந்தால் சார்ஜ் தீரும் என்ற நம்பிக்கை. ரேம் எனப்படும் இந்த நினைவகம் கோடிக்கணக்கான மிகச்சிறிய மின்தேக்கிகள். மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் கசியும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால் ஒவ்வொரு வரிசையையும் விநாடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் தகவல் இருக்கிறதா, இல்லையா என்று அந்தச் சுற்று பார்ப்பதில்லை. காலி ரேமும் நிறைந்த ரேமும் இந்தச் செலவில் ஒன்றுதான். பேட்டரியை உண்பது செயலியின் வேலை. அது இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பதல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த வேலையையும் தடுக்க ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. பின்னால் போன செயலியை நினைவகத்தில் இருந்த கோலத்திலேயே உறைய வைத்துவிடுகிறார்கள். ஐஸ் பெட்டியில் இருக்கும் மீன் போல அது அங்கே கிடக்கும். போனின் மூளையான சிபியுவின் ஒரு துளி நேரம்கூட அதற்குக் கிடைக்காது. நீங்கள் தொட்டதும் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும்.

சரி, இடம் தீர்ந்துபோனால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் என்ற அடித்தள மென்பொருள் இருக்கிறது. அதன்மேல் ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், ஒரு மதிப்பெண் உண்டு. மைனஸ் 1000 முதல் 1000 வரை. இங்கே அதிக மதிப்பெண் வாங்கியவர்தான் முதலில் பலி. அமைப்பின் உயிர்நாடியான பகுதிகள் மைனஸ் 900 போன்ற பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த நொடி நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு 0. திரையில் இல்லாவிட்டாலும் பாடிக்கொண்டோ வழி காட்டிக்கொண்டோ இருக்கும் செயலிக்கு 200 வாக்கில். முகப்புத் திரைக்கு 600. சற்று முன் எதிலிருந்து வெளியே வந்தீர்களோ அதற்கு 700, ஏனென்றால் மனிதர்கள் பெரும்பாலும் அங்கேதான் திரும்பிப் போவார்கள் என்பதும் கணக்கில் இருக்கிறது. உறைந்து கிடப்பவை 900க்கு மேல். கடல் கொந்தளித்துப் படகில் பாரம் குறைக்க வேண்டிவந்தால் முதலில் வெறுங்கூடை, பிறகு ஐஸ், வேறு வழியே இல்லாதபோது வலை என்று போகுமல்லவா? எஞ்சினைக் கழற்றி எறிபவர் யாருமில்லை. அதே ஒழுங்கு.

யாரை என்பது இப்படி முடிவாகிறது. எப்போது என்பது இன்னும் அழகு. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் காலி இடம் இத்தனைக்குக் கீழே போனால் வெட்டு என்று ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். ஐஸ் கம்பெனியில் எத்தனை பார் மிச்சம் இருக்கிறது என்று எண்ணுவது போன்ற கணக்கு அது. ஆனால் 50 பார் மிச்சம் என்பது பற்றாக்குறையா? படகு எதுவும் கடலுக்குப் போகாத நாளில் அது ஏராளம். எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும் நாளில் அது ஒன்றுமில்லை. உண்மையான தட்டுப்பாட்டை அறிய வேண்டுமானால் பாரை எண்ணாதீர்கள்; வாசலில் வண்டிகள் எவ்வளவு நேரம் ஐஸுக்காக நிற்கின்றன என்று பாருங்கள். 2018இல் லினக்ஸுக்குள் வந்த ஓர் அளவுகோல் இதைத்தான் செய்கிறது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய ஜோஹன்னஸ் வெய்னர் என்ற பொறியாளர் எழுதியது. கடந்த ஒரு விநாடியில் எத்தனை மில்லி விநாடி, செய்ய வேலை இருந்தும் நினைவகம் கிடைக்காமல் செயல்முறைகள் கைகட்டி நின்றன என்று அது அளக்கிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதை எடுத்துக்கொண்டது. காத்திருப்பு கூடினால் மட்டும் கத்தி இறங்கும். அதிலும் லேசான காத்திருப்புக்கு உறைந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளும். முட்டுக்கட்டை முற்றினால்தான் மதிப்பெண் வரிசையில் மேலும் உள்ளே வரும். இருப்பை விட்டுவிட்டு வலியை அளந்த இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

இப்படி ஒரு நீதிபதி விநாடிக்கு விநாடி உள்ளே உட்கார்ந்திருக்க, நாம் கட்டைவிரலால் எல்லாவற்றையும் தள்ளுவதால் என்ன ஆகிறது? உறைந்திருந்த செயலி அழிகிறது. அடுத்த முறை திறக்கும்போது சேமிப்பகத்திலிருந்து முழுவதையும் படித்து, அடுக்கி, எழுப்ப வேண்டும். அந்த வேலைக்குத்தான் சார்ஜ் செலவாகிறது. தம்பியின் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. கடலில் காவல் இருக்க வேண்டிய செயலியைக் கரையிலேயே தம் கையால் கொன்றுவிட்டார். பிறகு கடலில் திறந்து, ஒரு முறை பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடுவாராம். ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் நின்று வேலை செய்ய விரும்பும் செயலி அறிவிப்புப் பகுதியில் தன் தலையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சில நிமிடங்களில் அதன் வேலை முடக்கப்படும். சில நிறுவனங்களின் போன்களில் அதற்கும் மேலே கடுமையான சேமிப்பு விதிகள் உண்டு.

சார்ஜைத் தின்றது யார்? செல்போன் கோபுரம். கரையை விட்டு விலக விலக, போன் தன் குரலை உயர்த்திக் கோபுரத்தை அழைக்கிறது. சிக்னல் முற்றிலும் அற்ற பிறகும் தேடலை விடுவதில்லை. இரவு முழுவதும் மடியில் கிடந்தபடி அது கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜிபிஎஸ் அப்படியல்ல. அது வானிலிருந்து வருவதைக் கேட்கும் காது மட்டுமே. கோபுரம் அதற்குத் தேவையில்லை.

அதனால் அவருக்குச் சொன்னது இது. கரையிலேயே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், எல்லைச் செயலியைத் திறந்து இடம் சரியாகக் காட்டும்வரை பொறுங்கள். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று இருக்கட்டும். அதன் அறிவிப்பைத் தள்ளாதீர்கள், அட்டையையும் தள்ளாதீர்கள். சிக்னல் அறுந்ததும் ஏரோபிளேன் மோடு போட்டு, இருப்பிடம் இயங்குகிறதா என்று ஒரு முறை பாருங்கள். போன் ஒன்றையே நம்பாமல் படகில் ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் வயர்லெஸும் இருக்கட்டும்.

உண்மையிலேயே வேண்டாத செயலிகளுக்கு வழி வேறு. பேட்டரிப் பயன்பாட்டுப் பக்கம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். தேவையற்றதை நீக்குங்கள். நீக்க முடியாததை 'டிசேபிள்' செய்யுங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்தால் நீங்களாகத் திறக்கும்வரை பொதுவாக அது எழாது. ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புத் திரையை முழுவதும் இழுத்தால் இப்போது இயங்கும் செயலிகளை அங்கேயே பார்த்து நிறுத்தலாம்.

நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகளை நான் மூடநம்பிக்கை வியாபாரம் என்றே சொல்வேன். சுற்றும் சக்கரம், '1 ஜிபி விடுவிக்கப்பட்டது' என்ற பச்சை எழுத்து, நடுவில் விளம்பரம். ஆண்ட்ராய்டு 14இல் ஒரு சாதாரணச் செயலியால் மற்றொன்றின் பின்னணிச் செயல்முறையைக் கொல்லவே முடியாது. தன்னுடையதை மட்டுமே கொல்லலாம். சக்கரம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இலேயே தொடங்கியது; பல ஆண்டுகள் அதன் தலைமையிடம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம், மீன் கூடும் இடங்களையும் அலை உயரத்தையும் செயற்கைக்கோள் உதவியோடு கணித்துச் சொல்கிறது. இவ்வளவு அறிவும் கடைசியில் வந்து சேர்வது பாலித்தீன் பைக்குள் இருக்கும் 3 ஜிபி போனுக்கு. அந்தப் போனை உப்புக் காற்றிலும் சிக்னல் அற்ற இரவிலும் வைத்துச் சோதிக்க இந்த மாவட்டத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும். செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது உப்புக்குச் சமம். அதற்குப் பணம் ஒதுக்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

தம்பி அடுத்த முறை போய் வந்ததும் போனைப் பைக்குள் வைத்தபடியே காட்டினார். எல்லைச் செயலியின் சின்னம் மேலே அப்படியே இருந்தது, சார்ஜ் பாதிக்கு மேல். ஏரோபிளேன் மோடை எடுக்க மட்டும் மறந்திருந்தார். எடுத்த சில நொடிகளில் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. விடிந்ததிலிருந்து அவருடைய அம்மா 11 முறை அழைத்திருந்தார்.