‘வுட்பி’: பொருளும் தமிழ்ச் சொல்லும்

திருமணம் நிச்சயமானவர்கள் தம் இணையை ‘என் வுட்பி’ (would-be) என்று பிறருக்கு அறிமுகப்படுத்துவது இன்று தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டது. இச்சொல் இவ்வாறு தனிப்பெயராக நிற்பது இந்தியத் துணைக்கண்டத்து ஆங்கிலத்தின் வழக்கு. பிற நாட்டு ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் ஒரு பெயருக்கு முன் வரும் கூட்டுப் பெயரடையே. அங்கே அதன் பொருளும் வேறு.

‘வுட்’ (would) என்பது ‘வில்’ (will) என்னும் துணைவினையின் இறந்தகால வடிவம். இன்று எதிர்காலம் காட்டும் அந்த ‘வில்’, பழைய ஆங்கிலத்தில் விருப்பத்தைக் குறித்த முழுவினையாக இருந்தது. ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்கும் ஆவணத்திற்கு நாம் வழங்கும் ‘உயில்’ என்ற பெயரும் அதே வேரிலிருந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். ஆகவே ‘வுட்பி’யின் அடிப்பொருள் ‘ஆகப்போகும்’ என்பதன்று. ‘ஆக விரும்பும்’ என்பதே. விருப்பம் நிறைவேறும் என்ற உறுதி அச்சொல்லில் இல்லை. பல இடங்களில் அது நிறைவேறாமையையோ, தகுதியில்லாத ஒருவர் தம்மைத் தகுதியுடையவராகக் காட்டிக்கொள்வதையோகூடச் சுட்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாடக ஆசிரியர் பென் ஜான்சன் தம் நாடகமொன்றில், அரசியல் நுட்பம் அறிந்தவராகத் தம்மை எண்ணிக்கொள்ளும் ஒருவருக்கு இச்சொல்லையே குடும்பப்பெயராக வைத்தார்.

இதனால், ஆங்கிலத்தில் ‘வுட்பி’ வரும் எல்லா இடத்திலும் ‘வருங்கால’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். கொலை முயற்சியில் தோற்றுப் பிடிபட்டவரை ‘வருங்காலக் கொலையாளி’ என்று எழுதுவது பிழை. ‘கொல்ல முயன்றவர்’ என்பதே சரி. வீட்டைப் பார்க்க வருவோர் ‘வாங்க விரும்புவோர்’. எழுத்தில் ஆசை மட்டும் கொண்டவர் ‘எழுத்தாளராக விரும்புபவர்’. பொருளுக்கேற்ற வினையைத் தேர்ந்து பெயராக்கும் வசதி தமிழில் இருக்கும்போது, ஒரே அடைமொழியை எங்கும் ஒட்டவைக்கத் தேவையில்லை.

நிச்சயமான திருமணத்தில் ஐயத்திற்கு இடமில்லை என்பதால், ‘வருங்காலக் கணவர்’, ‘வருங்கால மனைவி’ என்பவை அங்கே மிகப் பொருத்தமானவை. ‘வுட்பி’யைப் போல இருபாலருக்கும் பொதுவாகத் தனித்து நிற்கும் சொல் வேண்டுமானால், ‘மணக்கவிருப்பவர்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்: அதிலுள்ள ‘இரு’ என்னும் துணைவினை, ஏற்பாடு முடிந்து நிகழ்வதற்குக் காத்திருக்கும் நிலையைக் காட்டுகிறது. பேச்சில் ‘கட்டிக்கப்போறவர்’ என்பது இதே பொருளில் ஏற்கெனவே வழங்குகிறது.