நகரமயமாதலா, நகரமயமாக்கமா?

'அர்பனைசேஷன்' என்பதற்குத் தமிழில் நகரமயமாதல், நகரமயமாக்கம், நகராக்கம், நகர வளர்ச்சி என்று நாலைந்து சொற்கள் புழங்குகின்றன. எழுதுகிறவர்கள் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதக்கூடியவை அல்ல.

முதலில் நகர வளர்ச்சியைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். பத்து லட்சம் பேர் இருந்த ஊரில் இருபது லட்சம் பேர் ஆகிவிட்டால் அது நகர வளர்ச்சி. நகரமயமாதல் என்பது பங்கு பற்றிய கணக்கு. மொத்த மக்களில் எத்தனை சதவீதம் பேர் நகரத்தில் வாழ்கிறார்கள், அந்தப் பங்கு கூடுகிறதா என்பதே கேள்வி. கிராமங்களும் அதே வேகத்தில் பெருகினால், நகரம் எவ்வளவு வீங்கினாலும் நகரமயமாதல் நடக்கவில்லை. ஐ.நா. 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, 1950இல் உலக மக்களில் 30 சதவீதம் பேர் நகரவாசிகள். 2018இல் 55 சதவீதம்.

இனி அந்த ஆங்கிலச் சொல்லின் வேர். லத்தீனில் 'ஊர்ப்ஸ்' என்றால் நகரம். பல இடங்களில் ரோம் நகரத்தையே அது குறிக்கும். நம் 'ஊர்'தான் 'ஊர்ப்ஸ்' ஆனது என்று சொல்பவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்குச் சான்று இல்லை, விட்டுவிடுவது நல்லது.

அந்த வேரிலிருந்து இன்றைய சொல்லை உருவாக்கிப் பரப்பியவர் பார்சிலோனாவின் பொறியாளர் இல்டெஃபொன்ஸ் செர்தா. அந்த நகரம் பழைய கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. காலரா வந்தால் கொத்துக் கொத்தாகச் சாவு. 1854இல் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். வெளியே பரந்து கிடந்த நிலத்துக்குச் செர்தா 1859இல் திட்டம் வரைந்தார். ஒவ்வொரு கட்டடத் தொகுதியும் பக்கத்துக்குச் சுமார் 113 மீட்டர், தெரு 20 மீட்டர் அகலம். நான்கு மூலைகளையும் சாய்வாக வெட்டிவிட்டதால் ஒவ்வொரு சந்திப்பும் சிறு சதுக்கம்போல விரிந்தது. தொழிலாளி வீட்டுக்குள்ளும் காற்றும் வெளிச்சமும் வரவேண்டும் என்பதே அவர் குறி. இந்த வேலைக்கென ஒரு சொல் இல்லையே என்று 1867இல் எழுதிய நூலில் 'ஊர்பனிசாசியோன்' என்ற ஸ்பானியச் சொல்லை முன்வைத்தார்.

அதாவது, தொடக்கத்தில் இது ஆக்கம்: ஒருவர் திட்டமிட்டு நகரத்தை உருவாக்குவது. இன்று நாம் பேசுவது பெரும்பாலும் ஆதல்: மழை பொய்த்து, நிலம் துண்டாகி, வேலை நகரத்தில் குவிந்து, யாரும் உத்தரவு போடாமலே நடப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ் வினை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த வசதியை நாம் வீணாக்கக் கூடாது. அரசு புதுநகரம் கட்டினால் நகரமயமாக்கம். மக்கள் பங்கு மாறுவதைச் சொன்னால் நகரமயமாதல். 'மயம்' வடசொல் என்று தவிர்க்க விரும்புவோர் நகராக்கம், நகராதல் என்று எழுதலாம். ஆக்கமும் ஆதலும் கலக்காமல் இருந்தால் சரி.

'நகர்' என்ற சொல்லும் நிறைய மாறிவந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் அது பேரூரை மட்டுமல்ல, மாளிகையையும் கோயிலையும்கூடக் குறிக்கும்.

நகரமயமாதல் என்றதும் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறும் குடும்பம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆள் நகராமலே ஊர் நகரமாகிவிடுவதும் உண்டு. இந்தியக் கணக்கெடுப்பில் ஓர் ஊருக்குக் குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மை உழைப்பாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும்) ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் இருந்தால் அது நகரக் கணக்கில் சேரும். இப்படி வந்த 'சென்சஸ் டவுன்'கள் 2001இல் 1,362. 2011இல் 3,900ஐ நெருங்கிவிட்டன. கணக்கில் நகரம், நிர்வாகத்தில் இன்னும் கிராமப் பஞ்சாயத்து. சாக்கடை, குப்பை, குடிநீர் எல்லாம் அந்தப் பஞ்சாயத்தின் தலையில்தான்.

அப்புறம், ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்? 'புலம்பெயர் மாக்கள்' பட்டினப்பாலையிலேயே வருகிறார்கள், காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழும் வேற்று நாட்டவராக. இன்று ஈழத் தமிழரிடம் புலம்பெயர்வு என்றால் நாட்டை விட்டு வெளியேறுவது. இடப்பெயர்வு என்றால் போரால் உள்நாட்டிலேயே விரட்டப்படுவது. இந்த இரண்டு சொற்களையும் அவர்கள் பட்ட வலியோடு சேர்த்தே கேட்கவேண்டும். அதனால் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடிப் போவதைக் குடிபெயர்வு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதிலும் ஒரு குறை உண்டு. குடி என்றால் குடும்பம். பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகத்தான் போகிறார்கள். சீனாவில் இது சட்டத்திலேயே தெரிகிறது. அங்கே 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவு 1958 முதல் ஒருவரைச் சொந்த ஊரோடு கட்டிவைக்கிறது. 2020 கணக்கெடுப்பில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 64 சதவீதம். நகரப் பதிவு பெற்றவர்கள் 45 சதவீதம்தான். நடுவில் நிற்கும் கோடிக்கணக்கானோர் நகரத்தில் கட்டடம் கட்டுகிறார்கள், ஆலையில் உழைக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும்போது மட்டும் அவர்கள் வெளியூர்க்காரர்கள். இவர்களைப் பொறுத்தவரை ஊர்விட்டுப் போனது நடந்துவிட்டது, குடிபெயர்வு நடக்கவில்லை. நம் கிராமங்களில் சொல்லும் 'பிழைக்கப் போயிருக்காங்க' என்பதே இவர்கள் நிலைமைக்குச் சரியாகப் பொருந்துகிறது.