மாதிரி ரயிலுக்குக் கப்ளர் தேர்வு: அழகுக்கு முன் உயரம்

மாதிரி ரயில்களைப் பழுதுபார்ப்பதும் பிறருக்காக அமைத்துத் தருவதும் என் தொழில். என்னிடம் வருபவை பெரும்பாலும் அமெரிக்க ரயில்களின் ஹெச்ஓ மாதிரிகள், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. கொண்டுவருபவர்கள் அதிகம் கேட்பது ஒன்றுதான்: அசல் போலவே தெரியும் கப்ளரை, அதாவது பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாகத்தை, மாட்டித் தர வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் பலர் கப்ளர் தலை எவ்வளவு சிறியது என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஓட்டத்தின் நடுவே ரயில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது கப்ளரின் மேல் பழி போடுகிறார்கள்.

முதலில் உங்கள் ரயில் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்யுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பெட்டிகளை இணைத்தவை ஓர் இரும்பு வளையமும் ஓர் ஆணியும்தான். நெருங்கி வரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பிரேக்மேன் என்ற ரயில் ஊழியர் அந்த வளையத்தைக் கையால் பிடித்துச் செருக வேண்டும். அதில் விரலையும் கையையும் உயிரையும் இழந்தவர்கள் ஏராளம். ஈலை ஜேனி 1873-இல் காப்புரிமை பெற்ற நக்கிள் கப்ளர், வளைத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்ததுபோலத் தானாகவே பிடித்துக்கொண்டது. தானாக இணையும் கப்ளரைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893-இல் வந்தது. அதை நிறைவேற்றும் அவகாசம் 1900 வரை நீண்டது. எனவே 1870-களின் சரக்கு ரயிலை அமைப்பவர் எவ்வளவு நுணுக்கமான நக்கிளை மாட்டினாலும் காலம் ஒட்டாது. பிற்காலத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. அபாயகரமான பொருட்களை ஏற்றும் டேங்கர்களில், தலைக்கு மேலும் கீழும் தட்டு வைத்த ஷெல்ஃப் கப்ளர்கள் 1970-களிலிருந்து கட்டாயமாயின. விபத்தில் ஒரு கப்ளர் மேலெழும்பி அடுத்த டேங்கரின் முகப்பைக் குத்திக் கிழிக்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. அதற்குப் பிந்தைய டேங்கர் மாதிரியில் அந்தத் தட்டு இல்லாவிட்டால், விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

இனி கடையில் கிடைப்பவை. பழைய பொம்மைத் தொகுப்புகளில் வரும் கொக்கி வடிவ எக்ஸ்2எஃப் கப்ளர் எந்த அசல் ரயிலிலும் இருந்ததில்லை. அதைக் கழற்றிவிடுவதில் தயக்கம் வேண்டாம். இன்று பரவலாக நம்பப்படுவது கேடீ நிறுவனத்தின் உலோக நக்கிள் கப்ளர். அதன் 5-ஆம் எண் அசல் விகிதத்தைவிடப் பெரிய தலை கொண்டது. 58-ஆம் எண்ணின் தலை அசல் விகிதத்தை நெருங்கி வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று இணையும். சார்ஜென்ட் கப்ளர்கள் இவற்றையும் தாண்டிச் சரியான அளவில் இருப்பவை. உள்ளே இருக்கும் சிறு எஃகுக் குண்டு விழுந்து பூட்டும். மேலிருந்து காந்தக் கோலைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஆனால் அவை கேடீயோடு இணையாது. தலைகளையும் கையால்தான் நேர்படுத்த வேண்டும். மொத்த ரயிலையும் மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

எந்த எண்ணை வாங்கினாலும் உயரம்தான் முதல் வேலை. ஹெச்ஓவில் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளர் மையம் வரை ஒரு அங்குலத்தில் 64-இல் 25 பங்கு, ஏறத்தாழ 9.9 மி.மீ. இருக்க வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. உயரம் பார்க்கும் கேஜ் ஒன்றை வாங்கித் தண்டவாளத்தில் வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் இரு முனைகளிலும் சோதியுங்கள். 58-இன் தலை உயரம் குறைவு என்பதால் அது பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அளவும் குறைவு. ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு தலை மேலேறினாலே நழுவிவிடும். என்னிடம் வந்த "பிரியும்" ரயில்களில் பெரும்பாலானவை மெல்லிய வாஷர் ஒன்றிலேயே சரியாகியிருக்கின்றன. தலைக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பியையும் பாருங்கள். காந்தத்தால் பிரிப்பதற்காக வைத்திருக்கும் அந்தக் கம்பி, பார்வைக்குப் பிரேக் காற்றுக்குழாய் போலவும் தெரியும். அது தாழ்ந்திருந்தால் தண்டவாளம் பிரியும் இடத்தில் மாட்டிப் பெட்டியைத் தடம் புரட்டும். காந்தம் பயன்படுத்தாதவர்கள் அதை வெட்டிவிட்டு உண்மையான குழாய் வடிவத்தை ஒட்டலாம். அவர்கள் கப்ளர்களுக்கு நடுவே மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகித் திருகினால் பெட்டிகள் பிரிந்துவிடும்.

கப்ளர் போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டகத்தில், இல்லாமல் பெட்டியின் அடிச்சட்டத்தில் இருப்பது நல்லது. போகியில் இருந்தால் நீண்ட ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது விசை போகியைத் திருகிச் சக்கரத்தை வெளியே தள்ளும். ஆனால் 85 அடிப் பயணிகள் பெட்டி ஹெச்ஓவில் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம். 18 அங்குல ஆர வளைவில், அடிச்சட்டத்தில் குட்டைத் தண்டுக் கப்ளர் (தண்டு என்பது தலையைப் பெட்டியோடு இணைக்கும் பகுதி) மாட்டிய அத்தகைய பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துத் தடம் புரளும். அங்கே நீளத் தண்டுதான் வழி. பெட்டிகளுக்கு இடையே இடைவெளி அசலைவிடக் கூடும். வளைவை மாற்ற இடமில்லாதவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பித்தளை இன்ஜின்களில் அடிச்சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். அப்படிப்பட்ட இரண்டை எதிரெதிர்த் திசையில் உலோகக் கப்ளரால் இணைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்; ஒன்றிலாவது பிளாஸ்டிக் கப்ளர் போடுங்கள். அடுத்து, கப்ளருக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள். தூசி ஒட்டி நக்கிள் திறக்காமல் போகும். உலர்ந்த கிராஃபைட் தூள் சிறிது போதும்.

இந்திய ரயில்களை அமைப்பவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். எல்ஹெச்பி என்ற புதிய வகைப் பெட்டிகளுக்கு நக்கிள் வகையே அசலானது. பெரம்பூரில் உருவான பழைய ஐசிஎஃப் பெட்டிகளுக்குத் திருகு இணைப்பும், மோதலைத் தாங்கும் பக்க பஃபர்களும்தான் அசல். நிலைக்காட்சிக்குத் திருகு இணைப்பை வையுங்கள். வளைவில் ஓட்டுவதாக இருந்தால், பெட்டியில் என்இஎம் என்ற ஐரோப்பிய மாதிரி ரயில் தரத்தின்படியான, கப்ளரைச் செருகும் பொருத்துகுழி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கேற்ற கேடீ கப்ளர்கள் 17 முதல் 20 வரையிலான எண்களில், நான்கு நீளங்களில் வருகின்றன. நீளமான 20-இல் தொடங்கி உங்கள் மிகக் குறுகிய வளைவில் ஓட்டுங்கள். பஃபர்கள் உரசும் வரை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, உரசாத கடைசி எண்ணை எல்லாப் பெட்டிகளுக்கும் வாங்குங்கள்.